அந்த மூன்றாவது ஸ்லைடை எடுத்துவிடு

அருளுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். அடுத்த மாதம் கல்லூரியில் அப்பா பெயரில் நினைவுச் சொற்பொழிவு, அதில் பேச நீ அங்கிருந்து விமானம் ஏறி வரப்போகிறாய், அதற்காகச் செய்தவை. "அப்பா போட்டோ சரியா இருக்கான்னு மட்டும் பாரும்மா, மத்தது உனக்கு போரடிக்கும்" என்று எழுதியிருந்தாய். போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது. உன் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது, சட்டைக் காலர் கூட நிமிர்ந்து நிற்கிறது. அதற்குக் கீழே நீ எழுதியிருப்பதுதான் சரியாக இல்லை. மாணவனாக இருந்தபோது இதே அரங்கில் உன் தகப்பனாரின் நிரூபணத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினாய் என்றும், அவர் புன்னகை செய்து, "இன்றைக்குத்தான் நீ கணிதக்காரன் ஆனாய்" என்று உன் தோளைத் தட்டினார் என்றும் எழுதியிருக்கிறாய். நல்ல ஆங்கிலம். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் புன்னகை செய்யவில்லை. தோளைத் தட்டவில்லை. உன்னிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நீ மறந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மறந்தவன் எதுவும் எழுதியிருக்க மாட்டான். நீ ஞாபகம் வைத்துக்கொண்டு, மாற்றி எழுதியிருக்கிறாய். அதனால்தான் நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை ஃபோன் செய்யாதே.

அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பார்த்தது மன்னார்குடியில் சைக்கிளில் கல்லூரிக்குப் போய் வந்து, மாலையில் டியூஷன் பிள்ளைகளுக்கு இன்டக்ரேஷன் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வருகிற ஒரு வாத்தியாரை. அவருடைய தகப்பனார் மற்றவர்கள் நிலத்தில் நாற்றுப் பறித்தவர். அந்தத் தெருவிலிருந்து முதலில் எம்.எஸ்ஸி. வரை போனவர் அப்பா. வேலை கிடைத்துவிட்டது, தங்கச்சிமார்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது, அதற்குமேல் படிக்க விடவில்லை குடும்பம். அவருக்குப் பின்னால் சேர்ந்த சின்னப் பையன்களெல்லாம் டாக்டர் பட்டத்தோடு வந்து உட்கார்ந்தபோது, துறையில் பட்டமில்லாத மனுஷன் இவர் ஒருவர்தான். ஆபீஸ் பையன் கூட "டாக்டர் சார் எல்லாம் மீட்டிங்ல இருக்காங்க, நீங்க கிளாஸ் பாத்துக்குறீங்களா சார்?" என்பான். ரிட்டையர் ஆவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார். அப்போது நீ சென்னையில் பெரிய இடத்தில் சேர்ந்திருந்தாய். உனக்கு அவர் செய்த கணக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "புள்ளிக்கு நம்பர் போடுற வேலை" என்று சிரித்தாய்.

புள்ளிக்கு நம்பர் போடுகிற வேலைதான். எனக்கு அவர் விளக்கிய விதத்தில் சொல்கிறேன். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, கிளை பிரிந்து போகிற ஒரு மரம் வரைய வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், ஒன்றில் ஆரம்பித்து எத்தனை புள்ளி உண்டோ அதுவரைக்கும், எந்த எண்ணும் இரண்டு தடவை வராமல். கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள எண்களைக் கழித்தால் ஒரு விடை வருமே, அந்த விடை எந்த இரண்டு கோட்டிலும் ஒன்றாக இருக்கக்கூடாது. எல்லா மரத்துக்கும் இப்படி எண் போட முடியுமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாதாம். ஒரு குறிப்பிட்ட வகை மரங்களுக்கு எண் போட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அப்பா நம்பினார். அதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் கடைத்தெருவிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் சும்மா அல்வா வாங்கியதே இல்லை.

கல்லூரியில் மாநில அளவிலான கருத்தரங்கு என்று அறிவித்தார்கள். அப்பாவுக்கும் ஒரு பேச்சு. துறையில் மற்றவர்கள் கண்ணாடித்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்துப் பேசுவார்கள். விடுமுறைக்கு வந்திருந்த நீதான், "அதெல்லாம் பழைய காலம்ப்பா. கம்ப்யூட்டர்ல கணக்கு அடிக்கிற லாடெக்ல பண்ணுங்க, அதுல ஸ்லைடு போட பீமர்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி, குறுந்தகட்டில் கொண்டுவந்து நம் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். அப்பாவுக்கு ஒற்றை விரலில்தான் தட்டத் தெரியும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், ஜாப் டைப்பிங்கில் எத்தனையோ பேருடைய தீசிஸ் அடித்தவள். "அம்மா அடிக்கட்டும்" என்றாய். ஒரு மத்தியானம் உட்கார்ந்து எனக்குச் சொல்லியும் கொடுத்தாய். அன்றைக்கு நீ நல்ல பிள்ளை. கணக்கு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு டாலர் குறி, முடிகிற இடத்தில் ஒரு டாலர் குறி. திறந்த அடைப்பை மூட வேண்டும். ஸ்லைடு ஆரம்பம், ஸ்லைடு முடிவு. நீ சென்னைக்குத் திரும்பிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினோம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஓடவிட்டால் டாலரைக் காணோம் என்று கம்ப்யூட்டர் கத்தும். "நம்ம பையன் டாலரத் தேடிப் போறேங்கிறான், நம்ம வீட்டுலேயே தொலைஞ்சு கெடக்குது பாரு" என்பார். மரங்களை வரைவதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்தில் வர வேண்டும் என்று அளவு சொல்லி எழுத வேண்டும். ஒரு எண் தப்பினால் புள்ளி ஒரு பக்கம், கிளை ஒரு பக்கம். வாசலில் மீன்காரம்மா கூப்பிடுவாள், எழுந்திருக்க மாட்டேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது பாஸ் என்கிற கட்டளை, கொஞ்சம் நிறுத்து என்று சொல்வது. வரிக்கு வரி அதைப் போட்டுவிட்டால், விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு வரியாகத் திரையில் எழும்பும். சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "இங்கயும் ஒண்ணு போடு. இங்கயும். அவங்க யோசிக்கட்டும், அப்புறம் நான் தட்டுறேன்." நிரூபணத்தின் கடைசி வரிக்கு முன்னாலும் ஒன்று போடச் சொன்னார். அந்த வரி "ஹென்ஸ் ப்ரூவ்டு", பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம். தன் கண் முன்னால் அந்த வரி வந்து நிற்பதைப் பார்ப்பதற்காக அந்த ஸ்லைடை எத்தனை முறை ஓடவிட்டார் என்று எனக்குத்தான் தெரியும். நான் சமையலறையில் இருப்பேன், டக் என்று விசைச் சத்தம் கேட்கும்.

கருத்தரங்குக்கு முந்தைய வாரம் நீ மறுபடியும் வந்தாய். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று கேள்விப்பட்டதும் உடனே கிளம்பி வந்தாய். அப்பா, தன் பேச்சைக் கேட்க வந்திருக்கிறாய் என்று நினைத்தார். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "பையன் இதுக்குன்னே வந்திருக்கான்" என்று சொன்னார். ஸ்லைடுகளைப் பார்த்துத் தரச் சொன்னார். நீ உட்கார்ந்து முழுக்கப் படித்தாய். நான் மூடாமல் விட்ட அடைப்பு, தவறிய டாலர், ஒரு மரத்தில் இடம் மாறி நின்ற புள்ளி, எல்லாவற்றையும் சரி செய்தாய். தலைப்பின் நிறத்தை நீலமாக மாற்றினாய். "எப்படிடா இருக்கு?" என்று அவர் பின்னால் நின்று கேட்டார். "நல்லாருக்குப்பா" என்றாய். திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்.

அன்றைக்கு அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அரங்கம் நிறைய மாணவர்கள். தஞ்சாவூரிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த புரொஜக்டர். மற்றவர்கள் கண்ணாடித்தாளோடு வந்து போன பிறகு இவர் ஸ்லைடு திரையில் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. விருந்தினர் கூட மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த எழுத்தெல்லாம் நான் அடித்தது. அவர் விசையைத் தட்டினார், வரிகள் ஒவ்வொன்றாக எழும்பின. நிரூபணம் கடைசி வரிக்கு வந்துவிட்டது. நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, "எனி டவுட்ஸ் ஸோ ஃபார்?" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள், தட்டிவிடலாம் என்று விரலை வைத்துக்கொண்டுதான் கேட்டார். நீ எழுந்தாய்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாய்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான் அது. அப்பாவும் சிரித்தார். நீ சொல்கிற புன்னகை இதுதான் என்றால், அது நீ சந்தேகம் என்னவென்று சொல்வதற்கு முன்னால் வந்தது. "ஒரு சின்ன மரம் வரையலாமா சார்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மேடை ஏறி, கரும்பலகையில் வரைந்தாய். சின்ன மரம்தான். ஒரு தண்டு, இரண்டு பக்கமும் கிளை, கிளையில் கிளை. சாக்பீஸை அவர் கையில் கொடுத்தாய். "உங்க மெதட்படி இதுக்கு நம்பர் போட்டுக் காட்டுங்க சார்."

"உங்கள் முறை இந்த இடத்தில் நிற்காது" என்று நீயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். நீ அவர் கையாலேயே செய்ய வைத்தாய். அவர் போட ஆரம்பித்தார். முதலில் வேகமாக. அப்புறம் நின்று, அழித்து, மறுபடி போட்டார். இரண்டு கோடுகளில் ஒரே விடை வந்தது. மறுபடி அழித்தார். மறுபடியும் அதேதான் வந்தது. நீ கைகட்டிக்கொண்டு நின்றாய். உன் கண் அப்பாவைப் பார்க்கவில்லை, முதல் வரிசையில் இருந்த அந்த பெங்களூர்க்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா சாக்பீஸைக் கீழே வைத்தார். "யூ ஆர் ரைட்" என்றார். ஸ்லைடை மூடிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் போனார். கை எந்த விசையில் பட்டதோ, காத்துக்கொண்டிருந்த அந்தக் கடைசி வரி திரையில் எழும்பிவிட்டது. ஹென்ஸ் ப்ரூவ்டு. கறுப்புக் கட்டத்தோடு.

அரங்கம் சிரித்தது. பிள்ளைகள் மட்டுமா, துறையில் அவரோடு டீ குடிக்கிறவர்களும் சிரித்தார்கள். அந்த விருந்தினர் சிரித்தார். அப்பா மூடத் தெரியாமல் மூடத் தெரியாமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். நீ மேடையிலேயே நின்றுகொண்டிருந்தாய். நீயும் சிரித்தாய், அருள். வாயை மூடிக்கொண்டு, கீழே குனிந்து சிரித்தாய். நான் பார்த்தேன்.

மத்தியானம் உன்னை அந்தப் பேராசிரியர் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். அப்பா சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பின்னால் நடந்து வந்தேன். நீ சாயங்காலம்தான் வந்தாய், முகமெல்லாம் வெளிச்சத்தோடு. அவர் பாமணியாற்றுப் பக்கம் நடக்கப் போயிருந்தார். நான் உன்னைக் கேட்டேன்.

"எப்படா தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கிழமையே தெரியும்மா. ஸ்லைடு பாத்தப்பவே."

"அப்ப ஏன்டா வீட்டுல சொல்லல?"

"வீட்டுல சொன்னா அப்பா ஒத்துக்குவாருங்கிற? நம்மளப் புடிச்சுத் திட்டுவாரு. நாலு பேரு முன்னாடின்னாத்தான் ஒத்துக்குவாரு."

"சொல்லிப் பாத்தியா?"

"அம்மா, தப்புன்னா தப்புதான். எங்க சொன்னா என்ன? உண்மை உண்மைதானே" என்றாய். அந்த வாக்கியம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் உன்னை மன்னிக்கப் பார்த்தேன். பையன் இரக்கமில்லாதவன், ஆனால் பொய் சொல்ல மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பேராசிரியர் கொடுத்த சிபாரிசில்தான் நீ வெளிநாடு போனாய். திருச்சி விமான நிலையத்தில் அப்பா உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். போகிற பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். வாசல்வரை நின்று பார்த்தார். ஒரு தகப்பன் செய்ய வேண்டியது எதையும் அவர் குறைக்கவில்லை. உனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நீ போன பிறகு இங்கே நடந்ததும் உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை, அவர் சொல்லவிடவில்லை.

அவருடைய கைடு, "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். கொஞ்ச நாள் போன பிறகு, "வேற பிராப்ளம் எடுங்களேன்" என்றார். அப்பா பதிவை ரத்து செய்துவிட்டார். அந்த முறை அந்த வகையில் எல்லா மரத்துக்கும் சரிவராது, சிலவற்றுக்குச் சரிவரும். சரிவருகிற அளவுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். நீ ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நான் நினைத்தேன். உன்னிடம் கேட்கச் சொன்னேன். "வேண்டாம்" என்றார். கல்லூரியில் அதோடு விடவில்லை. மாணவர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஹென்ஸ் சார். பலகைப் பக்கம் திரும்பினால் பின் பெஞ்சிலிருந்து "ஹென்ஸ்" என்று ஒரு குரல் வரும். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் சேருவார்கள், ஏன் அந்தப் பெயர் என்றே தெரியாமல் அவர்களும் கூப்பிடுவார்கள். ரிட்டையர் ஆகும்வரை. அதற்குப் பிறகும். நானும் அவரும் பந்தலடி பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம், நன்றாக உடுத்திய ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பெண்டாட்டியிடம், "இவருதான் எங்க ஹென்ஸ் சார்" என்று பாசமாக அறிமுகப்படுத்தினான். அப்பா அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னார். "நல்லா இருங்கம்மா" என்றார். அந்த வார்த்தையைப் பாடம் நடத்தும்போது கூட அவர் சொல்வதை நிறுத்திவிட்டார் என்று பிறகு ஒரு மாணவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் அந்த வார்த்தை இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவார், நீயே யோசித்துப் பார்.

நான் ஒரு தடவைதான் அவரிடம் கேட்டேன். உன் தங்கச்சியைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. "அருள் மேல கோவமா உங்களுக்கு?" என்றேன். "அவன் சொன்னது சரி. நான் போட்டது தப்பு. இதுல கோவப்பட என்ன இருக்கு?" என்றார். நீடாமங்கலம் கேட்டில் பஸ் நின்றது. ரயில் போய், கேட்டைத் திறந்து, பஸ் கிளம்பின பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார். "சார்னு கூப்பிட்டான் பாரு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. சாகும்வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனில் நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவாய், "ம், ம்" என்று கேட்பார். "ரொம்ப நல்லதுப்பா. இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்பார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாயே, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாய். தூங்கவில்லை. நீ காப்பி வாங்கப் போன உடனே கண்ணைத் திறந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். இதை நான் உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். நீ அந்த ஸ்லைடை அனுப்பாமல் இருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பெரிய இடத்தில் இருக்கிறாய், உனக்குக் கீழே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நீ சொன்னது உண்மை, அதைச் சொன்ன விதம் கொலை. ஆனாலும் உண்மை என்ற ஒன்று உன் கையில் இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. செத்துப்போன மனுஷன் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்து, அவர் சிரித்தார் என்று எழுதி, அவர் பட்ட அவமானத்தை உனக்குக் கொடுத்த ஆசீர்வாதமாக மாற்றி, அதே அரங்கத்தில், அதே பிள்ளைகளின் பிள்ளைகள் முன்னால் காட்டப்போகிறாய். கணக்கில் ஒரு வரி ஆதாரமில்லாமல் வந்தால் உன்னால் தாங்க முடியாது. வீட்டு விஷயத்தில் மட்டும் தாங்கிக்கொள்வாயா? அந்த மூன்றாவது ஸ்லைடை எடுத்துவிடு. எப்படி எடுப்பது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்துவிட்டேன். நேற்று காலையில் கல்லூரிக்குப் போய் துறைத் தலைவரைப் பார்த்தேன். அப்பாவின் பழைய மாணவர்தான், எழுந்து நின்று நாற்காலி போட்டார். அப்பா பெயரில் சொற்பொழிவு வேண்டாம் என்றேன்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க, அழைப்பிதழ் அடிச்சாச்சு. உங்க மகன் அங்கேருந்து வர்றாரு."

"வரட்டும். நல்லாப் பேசுவான், கேளுங்க. அவங்கப்பா பேர மட்டும் எடுத்துடுங்க."

"எதுக்கும்மா? ஹெ..." என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். காது வரை சிவந்துவிட்டது அவருக்கு. அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேறு அழைப்பிதழ் அடித்துக்கொள்கிறோம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஆகவே உன் கூட்டம் நடக்கும், உன் பெயரில், உன் கணக்கைப் பற்றி. நான் வரமாட்டேன். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த விரால் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுப் படுத்துத் தூங்கு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. நீ என் பிள்ளை, அதை என்னாலும் மாற்ற முடியாது. அவருடைய பிள்ளை என்று மட்டும் அந்த மேடையில் ஏறிச் சொல்லிக்கொள்ளாதே.

அம்மா